இருநூறு மீட்டருக்கு மேலே

1912 ஆகஸ்டில் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் இயற்றியது. டைட்டானிக் மூழ்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. கம்பியில்லாத் தந்திக் கருவி யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எந்த அலையில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றிருந்த நிலைக்கு ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. அந்த ஒழுங்கில் தனியார் ஆர்வலர்களுக்குக் கிடைத்த இடம் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும். நீண்ட அலைகள் எல்லாம் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் வணிக நிறுவனங்களுக்கும் போயின. அலை நீளமாக இருந்தால்தான் தூரம் போகும் என்பது அன்றைய அறிவு. அதனால் 200 மீட்டருக்குக் கீழே இருந்தவை யாருக்கும் வேண்டாத புறம்போக்காகத் தெரிந்தன. வேண்டாதவை என்பதால்தான் கொடுத்தார்கள்.

அந்த இடத்திலும் அதன் ஓரத்திலும் ஆர்வலர்கள் கண்டுபிடித்தவை பலரும் அறிந்த கதை. 1921 இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் என்ற ஊரில், எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உள்ளிட்ட சில நண்பர்கள் 1பிசிஜி என்ற நிலையத்தை எழுப்பினார்கள். பின்னாளில் பண்பலை ஒலிபரப்பைத் தந்த அதே ஆர்ம்ஸ்ட்ராங்தான். ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரையில் கூடாரம் அடித்து, நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்குத் தாழ்வாகக் கம்பி இழுத்து, பால் காட்லி என்ற இன்னோர் ஆர்வலர் குளிரில் உட்கார்ந்து கேட்டார். 230 மீட்டர் அலையில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த மோர்ஸ் அவர் காதில் விழுந்தது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்த லியோன் டெலாயும் அமெரிக்காவிலிருந்த ஃபிரெட் ஷ்னெலும் 110 மீட்டரை ஒட்டிய அலையில் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டார்கள். சிற்றலை உலகைச் சுற்றும் என்பது உறுதியானதும் பெரிய நிறுவனங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. ஆர்வலர்கள் இன்னும் குறுகிய அலைகளைத் தேடி 20 மீட்டர், 10 மீட்டர், அதற்கும் அப்பால் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

போன திசையிலேயே போய்க்கொண்டிருந்ததில் பழைய வீட்டைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பழைய வீட்டைப் பற்றியது. 160 மீட்டர், 630 மீட்டர், 2200 மீட்டர் என்ற மூன்று பேண்டுகள். அதிர்வெண்ணில் சொன்னால் 1.8 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை, 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை. கடைசி இரண்டும் 2012, 2007 ஆண்டுகளில் நடந்த உலக வானொலி மாநாடுகளில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுக்கு இரண்டாம் நிலை உரிமையாக ஒதுக்கப்பட்டவை. நீண்ட அலைகளைப் பிறருக்குத் தூக்கிக் கொடுத்த அமெரிக்காவே, ஹாம்கள் எனப்படும் தன் நாட்டு ஆர்வலர்களுக்கு அவற்றைத் திறந்துவிட 2017 ஆனது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, வெளியேற்றப்பட்டவர்களின் கையில் சாவி திரும்பக் கிடைத்திருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போகிறவர்கள்தான் போதவில்லை.

630 மீட்டருக்குப் பக்கத்தில்தான் 500 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது. கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கான அலையாக அது தலைமுறை தலைமுறையாக இருந்தது. கப்பலின் வானொலி அறைக் கடிகாரங்களில் 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 நிமிடம் வரையும் சிவப்பில் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த மூன்று மூன்று நிமிடங்கள் யாரும் மோர்ஸ் சாவியைத் தொடக் கூடாது. உலகக் கடல்களில் மிதக்கும் கப்பல்களின் வானொலி இயக்குநர்கள் எல்லோரும் கைகளை எடுத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். வலுவிழந்த பேட்டரியில் எங்கிருந்தோ ஒருவர் அழைத்தால் அந்த இடைவெளியிலாவது அது கேட்க வேண்டும் என்பதற்காக. 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோளையும் தானியங்கி எச்சரிக்கையையும் நம்பிய புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் கடலைவிட்டு வெளியேறியது.

மனிதர் வகுத்த ஏற்பாடுகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று இந்த மூன்று நிமிட மௌனம். அது நிறைய பேர் பேசிய அலை என்பதால்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் இருந்தது. இன்று தாழ்ந்த பேண்டுகளில் இருக்கும் மௌனம் அப்படிப்பட்டதல்ல. எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அழைப்பவர் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு 160 மீட்டரில் ரிசீவரைத் திருப்பினால் பேண்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று மோர்ஸ் குரல்கள், எஃப்டி8 என்ற கணினி முறைக்கான இடத்தில் ஒரு கும்பல், மீதி இரைச்சல். 'பேண்ட் செத்துவிட்டது' என்று ஹாம்கள் சொல்வது இதைத்தான். ஜனவரிக் கடைசியில் 160 மீட்டருக்கென்றே ஒரு பெரிய மோர்ஸ் போட்டி நடக்கும். அந்த வாரயிறுதியில் அதே பேண்டைத் திருப்பிப் பாருங்கள். கால் வைக்க இடம் இருக்காது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே சில நூறு ஹெர்ட்ஸ்கூட இடைவெளி இல்லாமல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை மறுபடி வெறுமை. வானம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சூரியனும் அயனி மண்டலமும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: சனிக்கிழமை அழைத்தவர்கள் திங்கட்கிழமை அழைக்கவில்லை. வீட்டில் கருவி இல்லாதவர்களும் இதைச் சோதிக்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையத்தின் வழியே ஒரு ரிசீவரைத் திறந்துவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திருப்பலாம்.

இயற்கையின் பங்கை நான் மறுக்கவில்லை. பகலில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்து அந்த அடுக்கு கரைந்த பிறகுதான் தூரம் திறக்கும். மத்திய அலையில் வானொலி கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கும் பெட்டியில், இரவானால் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸின் இரு பக்கமும் பெயர் தெரியாத மொழிகள் வந்து மோதும். 160 மீட்டர் பேண்ட் அந்த மத்திய அலை முடிகிற இடத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. குணமும் அதே குணம். சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டிய சில நிமிடங்களில், ஒளிக்கும் இருளுக்கும் நடுவே இருக்கும் கோட்டின் வழியே, சிக்னல் திடீரென்று எழும்பி அடங்கும். சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகள் இதற்கு நல்ல ஆண்டுகள். மற்ற பேண்டுக்காரர்கள் சோர்ந்திருக்கும் காலம் இவர்களுக்கு அறுவடை.

நமக்குச் சொந்தமான சிக்கல் இடி. வெப்ப மண்டலத்தில் ஆண்டின் பெரும்பகுதி எங்கோ ஓரிடத்தில் மின்னிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மின்னலும் தாழ்ந்த அலைகளில் பெரும் வெடிப்பாக விழும். கோடை மழையும் வடகிழக்குப் பருவமும் கேட்பவரைத் துன்புறுத்தும். பருவம் ஓய்ந்து, தை பிறந்து, மாசி முடியும்வரைதான் தமிழ்நாட்டில் காற்று சற்று அமைதியாக இருக்கும். வட அரைக்கோளத்தின் நீண்ட இரவுகளும் அந்த நாள்களில் இன்னும் முடிந்திருக்காது. வாய்ப்பு குறுகியது, அதனாலேயே அதைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது ஏரியல். இங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். 160 மீட்டரில் கால் அலைநீளக் கம்பி 41 மீட்டர் உயரம் நிற்க வேண்டும். 475 கிலோஹெர்ட்ஸில் அது 520 அடி; தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 137 கிலோஹெர்ட்ஸில் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். யாராலும் முடியாது. ஆகவே எல்லோரும் குட்டை ஏரியல்தான் வைக்கிறார்கள். 12 மீட்டர் உயரத்தில், மேலே கிடைமட்டமாகக் கம்பிகள் விரித்து, அடியில் பெரிய காயில் சுற்றி, 475 கிலோஹெர்ட்ஸுக்கு இணங்கவைப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கதிர்வீச்சுத் தடை அரை ஓமைச் சுற்றித்தான் இருக்கும். மண்ணிலும் காயிலும் இழக்கும் தடை 20, 30 ஓம். 100 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 2 வாட் காற்றில் ஏறும். மீதி மண்ணையும் காயிலையும் சூடாக்கும். ஆனால் விதியே இங்கே சின்ன அளவைத்தான் கேட்கிறது. 2200 மீட்டரில் உலக அளவிலான உச்ச வரம்பு 1 வாட் கதிர்வீச்சு. அந்த 1 வாட்டை உண்டாக்குவதே ஒரு கைத்தொழில். காயிலின் உச்சியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், மழை நாளில் பொறி பறக்கும், மண் காய்ந்தால் இணக்கம் நகர்ந்துவிடும். கடையில் வாங்கிவந்த பெட்டியை மேசையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தும் பொழுதுபோக்காக ஹாம் வானொலி சுருங்கிவிட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான். இங்கே இன்னும் கையால் சுற்ற வேண்டும், மண்ணை அறிய வேண்டும்.

அவ்வளவு மெலிந்த சிக்னலைக் கேட்க ஆர்வலர்கள் கண்ட வழி வேகத்தைக் குறைப்பது. மோர்ஸின் ஒரு புள்ளியை 3 வினாடி, 10 வினாடி, 60 வினாடி என்று நீட்டுகிறார்கள். எவ்வளவு மெதுவாக அனுப்புகிறோமோ அவ்வளவு ஒடுங்கிய வழியில் கேட்கலாம். வழி ஒடுங்க ஒடுங்க இரைச்சல் வெளியே நின்றுவிடும். காதால் இல்லை, கணினித் திரையில் ஊர்ந்து நகரும் கோடாகப் படிக்க வேண்டும். 60 வினாடிப் புள்ளியில் ஒருவருடைய அழைப்புக்குறி முழுவதும் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். 136 கிலோஹெர்ட்ஸில் இங்கிலாந்தும் கனடாவும் 2001இல் முதன்முறையாக இருவழித் தொடர்பு கொண்டது இப்படித்தான். ஒரே இரவில் முடிந்த காரியமல்ல, பல இரவுகள் சேர்ந்து முடித்தது. யாருக்கும் எதற்கும் காத்திருக்க முடியாத காலத்தில், ஓர் எழுத்துக்காக இரண்டு பேர் கடலின் இரு கரையிலும் விழித்திருந்தார்கள். எனக்கு இது கவிதைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பொறுமையைக் கணினி ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரட்டைப் பல்சார் ஆய்வுக்காக 1993இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். 2008இல் அவர் உருவாக்கிய விஸ்பர் என்ற முறையில், நிலையங்கள் இரண்டு இரண்டு நிமிடமாகத் தங்கள் பெயரையும் இடத்தையும் ஆற்றலையும் தாமாகவே ஒலிபரப்பும். கேட்ட நிலையங்கள் தாமாகவே பதிவு செய்யும். 2017இல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் தந்த எஃப்டி8, பதினைந்து வினாடித் துண்டுகளில் காதுக்கே எட்டாத சிக்னலையும் தொடர்பாக மாற்றிவிடுகிறது. இவற்றை இழிவாகப் பேசுகிற மூத்தவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கைப்பிடிச் சுவரில் பத்து மீட்டர் கம்பி கட்டியவருக்கு 160 மீட்டரில் நுழைய வேறு வழி கிடையாது. இரவில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விஸ்பர் சொல்வதைப் போல் எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

ஆனாலும் ஒரு குறை மனதில் உறுத்துகிறது. இயந்திரம் அனுப்புகிறது, இயந்திரம் பதிவு செய்கிறது, இரு பக்கத்து ஹாம்களும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு விழுகிறது. பாதை திறந்திருந்தது என்பதற்கு அது சான்று. அந்தப் பாதையில் யாரும் நடந்தார்கள் என்பதற்கு அல்ல. எஃப்டி8இல் தொடர்பு முடித்தவர்கள் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய், பத்து நிமிடமாவது கையால் சி.க்யூ என்ற பொது அழைப்பை விடுத்தால் பேண்டின் முகமே மாறிவிடும்.

அழைப்பு எப்படி ஒரு பேண்டை உயிர்ப்பிக்கும் என்பதற்குச் சான்றாக ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வின்த்ராப்பில் வாழ்ந்த ஸ்டூ பெர்ரி, அழைப்புக்குறி டபிள்யூ1பிபி. இரண்டாம் உலகப் போரில் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்ட வந்த லோரான் அமைப்பு 160 மீட்டரின் மேல் ஏறி உட்கார்ந்தது. போர் முடிந்தும் இறங்கவில்லை. அமெரிக்காவில் அது நிறுத்தப்பட 1980 ஆனது. அதுவரை அங்குள்ள ஹாம்களுக்குத் துண்டு துண்டான இடமும் குறைந்த ஆற்றலும்தான். காதில் எந்நேரமும் லோரானின் கரகரப்பு. அந்த ஆண்டுகளில்தான் பெர்ரி அட்லாண்டிக்கைக் கடக்கும் சோதனைகளை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். யார் எந்த வாரம் எந்த நேரத்தில் வருவார் என்று அறிக்கை தயாரித்துத் தபாலில் அனுப்புவார். சோதனை இரவில் ஐந்து நிமிடம் ஒரு கரை அழைக்கும், மறு கரை கேட்கும். அடுத்த ஐந்து நிமிடம் மாறிக்கொள்ளும். அழைக்கிறவரும் கேட்கிறவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டை ஒருவர் விடாமல் பல குளிர்காலங்கள் நடத்தினார். பேண்ட் பிழைத்தது.

அவர் பெயரில் இன்று ஒரு போட்டி ஆண்டுதோறும் டிசம்பர்க் கடைசியில் நடக்கிறது. தூரத்தை வைத்துப் புள்ளி. அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது, குறைந்த ஆற்றலில் அனுப்பும் நிலையத்தைத் தேடிப் பிடித்துப் பதில் சொன்னவருக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பது. உரக்கப் பேசுகிறவரைவிட மெலிந்த குரலைக் கேட்கிறவருக்குப் பரிசு. புதியவரைப் பேண்டுக்குள் கொண்டுவர இதைவிட நல்ல விதி இருக்க முடியாது.

நம் பக்கம் வருவோம். இந்திய உரிமத்தில் 160 மீட்டர் பேண்ட் 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ் என்பது குறைந்த அகலம்தான் என்றாலும் மோர்ஸுக்கு அது விரிந்த மைதானம். அதில் தமிழ்நாட்டு நிலையத்தைக் கேட்பது அரிதாக இருக்கிறது. நகரத்து ஹாமைக் கேட்டால் இரைச்சலைச் சொல்வார், உண்மைதான். எல்.இ.டி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று சுவிட்ச் முறையில் ஓடும் ஒவ்வொரு மின் அடாப்டரும் தாழ்ந்த அலைகளைக் கறைப்படுத்துகிறது. சென்னையின் ஒரு தெருவில் இரவு ஒன்பது மணிக்கு 1.8 மெகாஹெர்ட்ஸைக் கேட்பது வேதனை. ஆனால் இதே காரணத்தால் இந்தப் பேண்டுகள் ஊர்ப்புறத்துக்கு உரியவை. ஹாம் வானொலியில் நகரத்துக்காரரைவிடக் கிராமத்துக்காரர் மேலான இடத்தில் நிற்கும் துறை இது. தோப்பில் இரண்டு தென்னைகள் போதும்: ஒன்றில் 15 மீட்டர் ஏறி, மற்றொன்றை நோக்கி 25 மீட்டர் கிடைமட்டமாகப் போகும் கம்பி, அடியில் தரையோடு விரித்த எர்த் கம்பிகள். மின்கம்பிக்கு அருகே மட்டும் போகக் கூடாது. இடி மாதங்களில் கழற்றிவிட வேண்டும். ஈர மண்ணும் உப்பு நீரும் தாழ்ந்த அலைக்குப் பெரும் துணை. அமெரிக்காவின் பாறை நிலத்தில் நூறு கம்பி புதைப்பவருக்குக் கிடைக்காத வசதி பழவேற்காட்டிலும் வேதாரண்யத்திலும் இராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஓரத்திலும் இயற்கையாகக் கிடக்கிறது. நகரத்து மன்றங்கள் தங்கள் கூட்டங்களை நகரத்திலேயே நடத்துவதை விட்டு, ஆண்டுக்கு ஓர் இரவாவது இந்த இடங்களுக்குப் போய்க் கம்பி கட்ட வேண்டும். அங்கேயே இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியரையோ மீனவ இளைஞரையோ ஹாம் உரிமத் தேர்வு எழுதவைத்தால் இன்னும் நல்லது.

புயல் வந்தால் உதவும் என்ற வாதத்தை ஹாம்கள் வழக்கமாக முன்வைப்பார்கள். அதை மட்டும் காட்டி ஒரு கலைக்கு நியாயம் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பகலில் சென்னைக்கும் மதுரைக்கும் பாலமாக இருக்கும் 40 மீட்டர், பின்னிரவில் அருகிலுள்ள ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். அந்த நேரத்தில் 300, 400 கிலோமீட்டரை இணைக்க 80 மீட்டரும் 160 மீட்டரும்தான் மிஞ்சும். புயல் இரவில் முதன்முதலாகக் கம்பி கட்டிப் பார்க்க முடியாது.

உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் போய்விடும் என்பதும் உண்மை. 2200 மீட்டரையும் 630 மீட்டரையும் அமெரிக்க ஹாம்கள் பயன்படுத்த, மின் பகிர்மான நிறுவனங்களின் அமைப்புக்கு முன்கூட்டியே தெரிவித்து 30 நாள் காத்திருக்க வேண்டும். உயர் அழுத்த மின் வழித்தடத்திலிருந்து 1 கிலோமீட்டர் விலகியிருக்க வேண்டும். அந்தக் கம்பிகளின் வழியே மின் நிறுவனங்கள் தங்கள் சமிக்ஞைகளை அதே அலைகளில் அனுப்புகின்றன. அதாவது வெறுமையாகத் தெரியும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அடுத்த மாநாட்டில் இன்னொருவர் வந்து கேட்பார். அப்போது காட்ட ஒரு பதிவேடாவது வேண்டாமா?

எனவே ஓர் ஏற்பாட்டை முன்வைக்கிறேன். தை முதல் மாசி முடியும்வரை, சனிக்கிழமைகளில், இரவு ஒன்பதிலிருந்து பத்துவரை, 1830 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. முதல் ஐந்து நிமிடம் காவிரிக்கு வடக்கே இருப்பவர்கள் அழைக்கட்டும். தெற்கே இருப்பவர்களும் இலங்கையில் இருப்பவர்களும் கேட்கட்டும். அடுத்த ஐந்து நிமிடம் மாறிக்கொள்ளட்டும். மோர்ஸ் நிமிடத்துக்கு 12 சொல் வேகத்துக்கு மேல் வேண்டாம். இப்போதுதான் கற்றுக்கொண்டவரும் எழுதிக்கொள்ள முடிய வேண்டும். ஏரியல் குட்டையாக இருந்தாலும், ஆற்றல் 10 வாட்டாக இருந்தாலும், முதல் நான்கு வாரம் யாருமே பதில் சொல்லாவிட்டாலும், தங்கள் ஐந்து நிமிடத்தை எவரும் விட்டுவிடக் கூடாது. கேட்டும் பதில் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு வலுவில் கேட்டது என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி அழைப்பதற்கு அது போதும்.